முறைத் தண்ணீர்

கொங்குப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களில் நிலத்தின் விஸ்தீரணம் ஒரு வரியில் முடிந்துவிடும். நாலு எல்லையைச் சொல்லும் செக்குபந்தி இன்னும் நாலு வரி. அதற்கப்புறம்தான் பத்திர எழுத்தர் மூச்சுவிடாமல் எழுதத் தொடங்குவார். இன்ன சர்வே எண் காலையில் உள்ள கிணற்றில் நாலில் ஒரு பங்கு, அதில் பூட்டியிருக்கும் ஐந்து குதிரைசக்தி மின்மோட்டாரில் நாலில் ஒரு பங்கு, முறைவைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம், தென்வடல் இட்டேரியிலிருந்து ஆள், கால்நடை, வண்டி போய்வரும் மாமூல் தடப் பாத்தியம். நிலம் ஒருவருடையது. அதில் ஒரு பயிர் விளைவதற்கு வேண்டியவை எல்லாம் நாலு பேருடையவை.

இந்த நாலில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. பங்காளியின் முறை முடியும் முன்பே கரண்ட் போய்விட்டால் அந்த நேரம் யார் கணக்கில் சேரும்? மோட்டார் காயில் கருகினால் செலவை நாலாகப் பிரிப்பதா, பாசனப் பரப்பை வைத்துப் பிரிப்பதா? கிணற்றைத் தூர்வார மூன்று பேர் தயார், நாலாமவர் நிலத்தை விற்கிற யோசனையில் இருக்கிறார், அவர் எதற்குப் பணம் போடுவார்? இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில் தீர்ப்பு வரும். அதனால் பேசுவார்கள், முறைப்பார்கள், ஆறு மாதம் முகம் கொடுக்காமல் இருப்பார்கள். பிறகு இரு பக்கத்துக்கும் வேண்டிய ஒரு பெரியவரை நடுவில் வைத்து ஏதோ ஓர் ஏற்பாட்டுக்கு வருவார்கள். நாற்பது வருஷம் இந்த வேலையைச் செய்த ஒருவர் உள்ளாட்சித் தேர்தலில் நின்றால், கலப்பை பிடித்த கை அரசியலுக்கு வந்துவிட்டது என்று பத்திரிகைகள் நெகிழ்கின்றன. எனக்கு அந்த நெகிழ்ச்சி பிடிபடுவதில்லை. அவர் எப்போது அரசியலுக்கு வெளியே இருந்தார்?

தேக்கம்பட்டி பாப்பம்மாளைப் பற்றி எழுதியவர்களும் இதே இடத்தில் நெகிழ்ந்தவர்கள்தான். மேட்டுப்பாளையம் பக்கம், பவானிக் கரையோர ஊர் தேக்கம்பட்டி. 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நூற்றைந்து வயதைக் கடந்துவிட்ட அந்த அம்மாள் இரண்டரை ஏக்கரில் இயற்கை வேளாண்மை செய்துகொண்டிருந்தார். வாழைத் தோட்டத்தில் அவர் நிற்கும் படம் நாடெங்கும் போனது. வயதும் வாழையும் பெரிதாகத் தெரிந்ததில் ஒரு தகவல் சின்னதாகிப் போயிற்று. 1959இல் அவர் தேக்கம்பட்டி ஊராட்சியின் வார்டு உறுப்பினர். காரமடை ஊராட்சி ஒன்றியத்தில் கவுன்சிலராகவும் இருந்திருக்கிறார். நீண்டகாலத் திமுககாரர். 2024 செப்டம்பரில் அந்தக் கட்சி அவருக்குப் பெரியார் விருது கொடுத்தது. அதே மாதம் 27ஆம் தேதி மறைந்தார்.

1959 என்பது சென்னை மாநகராட்சியைத் திமுக முதன்முதலாகப் பிடித்த வருஷம். காமராஜர் ஆட்சியில் வந்த 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்துக்கு அப்போதுதான் வயது ஒன்று. பெண்களுக்கு ஒதுக்கீடு சட்டமாக வருவதற்கு இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு கிராமத்துப் பெண் எதைக் காட்டி ஓட்டு வாங்கியிருப்பார்? பாப்பம்மாள் பிறந்தபோதே நிலத்தோடு பிறந்தவரில்லை. பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்து தேக்கம்பட்டியில் பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டி விட்டுப்போன மளிகைக் கடையை நடத்தி, கூடவே ஒரு சாப்பாட்டுக் கடையும் போட்டு, அந்தக் காசில் சுமார் பத்து ஏக்கர் வாங்கியிருக்கிறார். அவருக்கு ஓட்டு வாங்கித் தந்தது வயலைவிட அந்தக் கடைதான் என்று நினைக்கிறேன். இது என் ஊகம் மட்டுமே. யார் வீட்டில் இந்த வாரம் அரிசி வாங்கவில்லை, யாருடைய கடன் நோட்டு நீள்கிறது என்பது மளிகைக் கடைக்குத்தான் முதலில் தெரியும். வரப்பில் நிற்பவருக்குப் பக்கத்து வரப்புக்காரரைத் தெரியும். கடையில் நிற்பவருக்கு வரப்பே இல்லாதவரையும் தெரியும். இந்த வித்தியாசத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன்.

நிலம் உள்ளவர்கள் நிலம் உள்ளவர்களாகவே ஒன்றுகூடி அரசியல் செய்ய முயன்ற கதை ஒன்று நம்மிடம் உண்டு. அதுவும் கோவையில்தான் நடந்தது. 1970இல் விவசாய மின்சாரக் கட்டணம் யூனிட்டுக்கு எட்டுப் பைசாவிலிருந்து பத்தானபோது சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் எழுந்தார்கள். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். கட்டணத்தில் ஒரு பைசா குறைந்தது. 1972இல் மறுபடி கட்டணம் ஏறியபோது ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோவை நகருக்குள் வந்து தெருக்களை அடைத்துக்கொண்டு நின்றன. லாரியைப் போலீஸ்காரர் ஓட்டி அப்புறப்படுத்திவிடலாம். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்ட பின் நுகத்தடி தரையில் கிடக்கும் வண்டியை என்ன செய்வது? தடப் பாத்தியம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத்தான் தடத்தை அடைக்கவும் தெரியும்.

அந்த நாராயணசாமி நாயுடு 1982இல் விவசாயிகளுக்கும் உழைப்பாளர்களுக்குமாக ஒரு கட்சி தொடங்கினார். 1984 டிசம்பர் 21 அன்று, தேர்தல் பிரச்சாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில் காலமானார். கட்சி வேர் பிடிக்கவில்லை. அவருடைய வண்டிக்குப் பின்னால் வந்தவர்கள் அவருடைய சின்னத்துக்குப் பின்னால் வரவில்லை. போராட்டத்தின் பலனை மட்டும் இரண்டு திராவிடக் கட்சிகளும் ஆளுக்கொரு தவணையாக அறுவடை செய்துகொண்டன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. பிறகு கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது.

1996இல் மொடக்குறிச்சியில் நடந்தது இதைவிட விசித்திரம். தங்கள் கோரிக்கைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ய, அந்த ஒரே சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகிவிட்டது. தேர்தலையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஜெயித்தது திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதாவது அவர்களே அவர்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இது அபாரமான நேர்மையாகப் படுகிறது. மனு போட்டது விவசாயியாக, ஓட்டுப் போட்டது இன்ன கட்சிக்காரனாக, இன்ன சாதிக்காரனாக, இன்னார் மருமகனாக. அதே வருஷம் சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. இருபத்துமூன்று வருஷம் கழித்து, 2019 மக்களவைத் தேர்தலில் நிஜாமாபாத்தின் மஞ்சள் விவசாயிகள் நூற்றைம்பதுக்கும் அதிகமான பேர் இதே வேலையைச் செய்து காட்டினார்கள். அங்கே வென்றதும் ஒரு கட்சிதான்.

ஆகவே சட்டமன்றத்துக்கு விவசாயி விவசாயியாகப் போவது நடக்காத காரியம் என்றே தோன்றுகிறது. ஊராட்சி வேறு. அங்கே தலைவர் பதவிக்கும் வார்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்ஷா என்று எதையாவது ஒதுக்குவார்கள். ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும், அவர் அப்பா யாரென்றும் தெரியும். ஒன்றியக் கவுன்சிலர் என்ற அடுத்த படியிலேயே கட்சிச் சின்னம் வந்துவிடுகிறது.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் இப்படித் தலைவரானார். ஊரும் பெயரும் வேண்டாம். வாழையும் மஞ்சளும் போடுகிறவர். அறுபதை நெருங்கும்போது, 2019 டிசம்பரில், ஊரக உள்ளாட்சித் தேர்தல் ஒருவழியாக அறிவிக்கப்பட்டபோது நின்றார். தமிழ்நாட்டில் இந்தத் தேர்தல் என்றைக்குமே சொன்ன நேரத்துக்கு வரும் சமாச்சாரமில்லை. 1970க்கு அடுத்து 1986இல்தான் நடந்தது. அதற்கடுத்து 1996. பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒன்றாக ஓடி, 2016இல் நின்று, மூன்று வருஷம் தனி அலுவலர்களிடம் கிடந்தது. அவர் நின்ற காரணமும் பெரிய லட்சியம் ஒன்றுமில்லை. அவர் தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் ஒருவர் ஐந்தடி உள்ளே தள்ளிக் கம்பிவேலி போட்டுவிட்டார். தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததில், தலைவராக இருந்தால் தடத்தை மீட்கலாம் என்று நினைத்தார். ஜெயித்தார். வேலி இன்னும் இருக்கிறது. ஆனால் தலைவரான பிறகுதான் ஊரில் தன் தடத்தைத் தவிர வேறு தடங்களும் உண்டென்று தெரிந்துகொண்டதாக ஒரு தடவை சொன்னார்.

அவருடைய கிராமசபை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அக்டோபர் 2. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் சாமியானா, வாடகைச் சேர்கள், மைக் செட்டுக்காரர். செயலர் எழுதிவைத்த தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசிக்க, கூட்டம் கேட்டும் கேட்காமலும் தலையாட்டிக்கொண்டிருந்தது. வரவு செலவு, டெங்கு ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு. கையெழுத்து நோட்டு வரிசை வரிசையாக நகர்ந்தது. குடிநீர் பற்றிய தீர்மானம் வந்தபோது காலனிப் பக்கத்திலிருந்து வயதான அம்மா ஒருவர் எழுந்தார். மைக்கை நீட்டினார்கள், வாங்கவில்லை.

“தலைவருங்க, உங்க தோட்டத்து மோட்டார் ஓடறன்னிக்கு எங்க கொழாயில தண்ணி வர்றதில்லீங்க.”

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. “டேங்க்ல ஏத்தறதுக்கும் நம்ம தோட்டத்துக்கும் சம்பந்தமில்லீங்க ஆத்தா, அது வேற லைன்” என்றார்.

“லைன் வேறதானுங்க. தண்ணி ஒண்ணுதானுங்களே.”

இதற்கு அவரிடம் பதில் இல்லை, இருக்கவும் முடியாது. ஊராட்சியின் போர்வெல் ஊர்ப் புறம்போக்கில் இருக்கிறது. முந்நூறு கஜம் தள்ளி அவருடைய போர்வெல். அதையும் தாண்டி இன்னும் நாலைந்து. அந்தப் பக்கத்தில் ஆயிரம் அடிக்குக் கீழே போனவர்கள் உண்டு. காலனிக் குழாயில் வரும் தண்ணீரும் அவர் வாழைக்குப் பாயும் தண்ணீரும் பாறை வெடிப்புகளுக்குள் ஒன்றாகத்தான் கிடந்தன. நாராயணசாமி நாயுடு காலத்தில் ஒரு பைசாவுக்காக உயிரைக் கொடுத்து, பிறகு இலவசமாகவே கிடைத்த மின்சாரம், தண்ணீரை இன்னும் கீழே கீழே துரத்திக்கொண்டு போயிருந்தது. போராடியவர்கள் மேல் நான் பழி போடவில்லை. அந்தக் கட்டணத்தில் அவர்களால் இறைத்திருக்க முடியாது. ஆனால் இலவச மின்சாரத்துக்கான நியாயத்தை எழுதிய யாரும் இந்த அம்மாவின் குழாயைக் கணக்கில் வைத்து எழுதவில்லை.

தலைவர் அடுத்துச் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு போர்வெல் போட ஒன்றியத்துக்கு மனு எழுதுவதைத்தான் எல்லாத் தலைவர்களும் செய்வார்கள். அவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். முறை வைத்தார். விடிகாலை டேங்கில் தண்ணீர் ஏறும் நேரத்தில் தன் மோட்டாரை எடுப்பதில்லை என்று முடிவுசெய்தார். பக்கத்துத் தோட்டக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசினார். அவர்கள் சொன்ன பதில்: “தலைவரு நீங்க, நீங்க நிறுத்துங்க. எங்களுக்கென்ன வந்துச்சு?” அவர்களைக் கட்டாயப்படுத்த அவரிடம் எந்த அதிகாரமும் இல்லை. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003இல் தமிழக சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அது முழுதாக நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தாயிற்று. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்பதை மின்வாரியம் தீர்மானிக்கிறது, எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை ரிக் வண்டியும் கடனும் தீர்மானிக்கின்றன. நடுவில் ஊராட்சிக்கு வேலை ஒன்றுமில்லை.

நாலு பங்காளிகளுக்கு நடுவில் நாற்பது வருஷம் ஓடிய முறை இங்கே ஏன் ஓடவில்லை? அங்கே நாலு பேருக்கும் பத்திரம் இருந்தது. ஒருவர் மீறினால் மற்ற மூவரும் அவருடைய முறையை நிறுத்தலாம். அந்த அம்மா எதை நிறுத்துவார்? கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்று எழுதிய பத்திர எழுத்தர், அந்தக் கிணற்றை வெட்டியவர்களுக்கோ அதில் தண்ணீர் கட்டியவர்களுக்கோ ஒரு குடம் பாத்தியம்கூட எழுதவில்லை. விவசாயிக்கு இயல்பாக வரும் அரசியல் பங்காளிகளின் அரசியல். நுட்பமானது, நியாயமானதும்கூட, ஆனால் பங்கு உள்ளவர்களுக்குள் மட்டும். பங்கே இல்லாதவர் சேரில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் இடமாக ஊராட்சி மாறியதுதான் புதுசு.

அந்த மாற்றமும் சும்மா நடக்கவில்லை. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அதையொட்டி 1994இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தலைவர் பதவிகளைச் சுழற்சியில் பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கின. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, அந்த ஒதுக்கீட்டில் வந்த தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒதுக்கப்பட்ட பதவியில் யாரையும் நிலைக்கவிடவில்லை. இந்த ஊர்களைப் பற்றி எழுதும்போது சாதி என்று எழுதுகிறோம், சரிதான். அதற்குள் நிலமும் இருக்கிறது என்பதைச் சேர்த்து எழுதுவது குறைவு. நேற்றுவரை வயலில் கூலி வாங்கியவர் இன்றைக்கு மன்றத்தில் செக்கில் கையெழுத்துப் போடுவதைப் பொறுக்காதது, ‘விவசாயி’ என்று நாம் உருகி எழுதும் அதே கூட்டத்திலிருந்துதான் வந்தது.

எங்கள் பக்கம் அவ்வளவு ரத்தம் சிந்தவில்லை. இங்கே வேறு உபாயம். பதவி பட்டியலினத்தவருக்கு வந்தால், பெரிய தோட்டக்காரர் தன்னிடம் வேலை செய்யும் ஒருவரை நிறுத்துவார். போட்டியே இருக்காது. பதவியேற்ற மறுநாள் புதுத் தலைவர் வழக்கம்போல் காலையில் தோட்டத்துக்கு வருவார், நோட்டும் முத்திரையும் களத்துமேட்டு வீட்டில் இருக்கும்.

நூறு நாள் வேலையிலும் இதே முரண் வேறு வடிவத்தில் வந்தது. விவசாயிகள் சங்கக் கூட்டம் எதற்குப் போனாலும் அந்தத் திட்டத்தைத் திட்டாமல் யாரும் உட்கார்ந்ததில்லை. அது வந்த பிறகு களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறிப்போச்சு, நடவு மாதத்திலாவது நிறுத்தச் சொல்லு. நம் தலைவரும் அந்தக் கூட்டங்களில் பேசியவர்தான். தலைவரான பிறகு அதே திட்டத்துக்கு வேலை அட்டை கொடுப்பதும், வேலை கேட்டவர்களுக்கு வேலை காட்டுவதும் அவர் பொறுப்பாயிற்று. முதல் வருஷம் மஞ்சள் வெட்டும் சமயத்தில் வேலையைத் தாமதப்படுத்திப் பார்த்திருக்கிறார். காலனிப் பெண்கள் நாற்பது பேர் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் பாதிப்பேர் அவர் தோட்டத்துக்கு வருகிறவர்கள். “என்னுட்ட எத்தனை வருஷமா வேலைக்கு வந்தவீங்க, ஒரு நாளும் நின்னு பேசுனதில்லை. அன்னிக்குப் பேசுனாங்க” என்றார். கோபமாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்பதை அவர் குரலை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதே மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. அதைக் காட்டி, ஊராட்சி நினைத்தால் எதுவும் செய்யலாம் என்பார்கள். செய்யலாம்தான். ஆனால் காற்றுக்கு யாரும் பத்திரம் வைத்திருக்கவில்லை. தண்ணீர் விஷயத்தில் அப்படியொரு கதையை நான் இன்னும் கேள்விப்படவில்லை. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு அவிநாசித் திட்டம் திறக்கப்பட்டு, பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்கு வரத் தொடங்கியபோது ஊர் ஊராக ஆடு வெட்டிப் பொங்கல் வைக்கலாம் போல ஒரு சந்தோஷம். அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுக் கேட்டு வாங்கிய தண்ணீர் அது. குட்டையில் தண்ணீர் நின்றால் சுற்றிலும் உள்ள கிணறுகள் ஊறும். கிணறு யாருடையது என்பது பத்திரத்தில் இருக்கிறது.

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்களிடம் போயின. நம் தலைவர், இப்போது முன்னாள் தலைவர், முழுநேரம் தோட்டத்தில் இருக்கிறார். தெருவிளக்கு எரியவில்லை என்று இன்னமும் அவருக்குத்தான் போன் வருகிறது, வயர்மேனுக்கு அவர்தான் சொல்கிறார். பேச்சுவாக்கில் அடுத்த தடவை நிற்பீர்களா என்று கேட்டேன்.

“பொதுவுல வந்தா நானே நிப்பனுங்க. லேடீஸ்னு வந்தா வீட்டுல நிக்கச் சொல்லோணும்.”

எஸ்.சி. என்று வந்தால்?

அதற்கும் ஆள் வைத்திருந்தார். அவருடைய வாழைக்குத் தண்ணி கட்டுபவர். நல்ல மனுஷன், சொன்ன பேச்சைத் தட்டமாட்டான் என்றார்.